சிறுவயதில் நிறுவனங்களில் நேர்ந்த பாலியல் கொடுமைக்கு நிவாரணமும் உதவியும் பெறுவது எப்படி: சிங்கப்பூரிலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமான ஒருவர், ஐம்பது வயதைக் கடந்த பிறகு, தீபாவளிக்கு மறுநாள் தேக்காவில் ஓர் உணவுக்கடையில் என் எதிரே அமர்ந்து, பத்து வயதில் பெர்த் நகரப் பள்ளி விடுதியொன்றில் தமக்கு நேர்ந்ததை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னார். சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “இவ்வளவு வருஷம் கழிச்சு இத யார்கிட்ட போயி சொல்றதுப்பா?” அன்று என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு அவரோடு சேர்ந்து அலுவலகங்களின் விதிகளையும் படிவங்களையும் ஒவ்வொன்றாகப் படித்துத் தெரிந்துகொண்டதை, அதே கேள்வியோடு இருக்கும் வேறு யாருக்காவது பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன்.

பள்ளி, விடுதி, சிறுவர் இல்லம், வழிபாட்டுத் தலம், துணைப்பாட நிலையம், விளையாட்டுக் குழு, இசை அல்லது நடன வகுப்பு என, ஒரு குழந்தையைப் பெற்றோர் நம்பி ஒப்படைத்த எந்த இடமும் இந்தக் கட்டுரையில் நிறுவனம்தான். எந்த வழியில் போவது என்பதை, கொடுமை எந்த நாட்டில் நடந்தது என்பதே முதலில் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதற்கென்றே அரசாங்கத்தின் தேசிய நிவாரணத் திட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் 30 ஜூன் 2027. சிங்கப்பூரில் அப்படியொரு நிவாரணத் திட்டம் கிடையாது. இங்கே இருப்பவை காவல்துறை, குற்றவியல் நீதிமன்றம் விதிக்கக்கூடிய இழப்பீடு, உரிமையியல் (சிவில்) வழக்கு, இவற்றோடு ஆலோசனைச் சேவைகள். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனெனில் “அரசாங்கத்தில் இதற்கு ஏதோ படிவம் இருக்குமாமே” என்று தேடியே மாதங்களைக் கழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படிவத்துக்கும் வழக்குக்கும் முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வேண்டும். உங்களுக்குக் கொடுமை இழைத்தவர் இன்றும் குழந்தைகளோடு பழகும் இடத்தில் இருக்கிறாரா? இருந்தால் காத்திருக்க வேண்டாம். உடனடி ஆபத்து என்றால் காவல்துறையின் 999. மற்ற நேரத்தில் வன்முறைக்கும் பாலியல் துன்புறுத்தலுக்கும் எதிரான தேசிய உதவி எண்ணான 1800-777-0000, இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. அங்கே சொல்வது தேவைப்பட்டால் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போய்ச் சேரும். இரண்டாவது கேள்வி உங்களைப் பற்றியது: இதைத் தாங்கும் நிலையில் இப்போது இருக்கிறீர்களா? பழையதைக் கிளறும்போது உறக்கம் கெடலாம், உயிர் வெறுத்துப்போகலாம். அந்த இரவுகளுக்கு, தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ்ஸின் 1767 என்ற எண்ணையும், மனநலக் கழகத்தின் 6389 2222 என்ற எண்ணையும் கைப்பேசியில் முன்கூட்டியே சேமித்து வையுங்கள். தேவைப்படும் நேரத்தில் தேடுவது கடினம்.

முதலில் எழுதி வையுங்கள்

எந்த நாட்டில் நடந்திருந்தாலும், எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், உங்கள் கையால் எழுதிய ஒரு குறிப்பு கடைசிவரை பயன்படும். ஒரே மூச்சில் எழுத வேண்டாம். எங்கள் நண்பர் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும், அரை மணி நேரம் எழுதுவதும், பிறகு எழுந்து நடந்துவிட்டு வருவதுமாக, ஏறத்தாழ நான்கு மாதங்கள் எடுத்துக்கொண்டார். எழுதும் ஒவ்வொரு நாளும் பக்கத்தின் மேலே தேதியைக் குறிப்பிடுங்கள். பின்னர் ஏதாவது நினைவுக்கு வந்தால் பழையதை அடித்துத் திருத்தாமல் புதிய தேதியிட்டுத் தனியே எழுதுங்கள்.

ஆண்டு நினைவில்லை என்பதற்காகப் பலர் எழுதத் தயங்குகிறார்கள். ஆண்டு தெரிய வேண்டிய அவசியமில்லை. தொடக்கநிலை நான்கில் எந்த ஆசிரியர் இருந்தார், தொடக்கநிலை ஆறில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வுக்கு முன்பா பின்பா, குடும்பம் தோ பாயோ வீட்டுக்கு மாறியபோது உங்களுக்கு என்ன வயது, தாத்தா இறந்தது அந்த விடுமுறையிலா என்று, தெரிந்த ஒன்றில் தெரியாததைக் கட்டி வைத்தால் காலம் தானாகத் தெளிவாகும். நினைவில் வெற்றிடம் இருக்கும் இடத்தில் “இது நினைவில்லை” என்றே எழுதுங்கள். இட்டு நிரப்பிய ஒரு வரி, உண்மையாக எழுதிய பத்து வரிகளின் மீது சந்தேகத்தைக் கொண்டுவந்துவிடும். மதிப்பெண் அட்டை, வகுப்புப் புகைப்படம், அந்தக் காலத்துக் கடிதம், மருத்துவக் குறிப்பு, பிற்காலத்தில் மனநல மருத்துவரைப் பார்த்ததற்கான ரசீது எதுவும் சிறியது அல்ல. எல்லாவற்றையும் ஒரே உறையில் வையுங்கள்.

அதே இடத்தில் பாதிக்கப்பட்ட இன்னொருவரைத் தெரிந்திருந்தால், ஆறுதலுக்காக அவரோடு பேசுங்கள். ஆனால் நடந்தவற்றின் விவரங்களை ஒப்பிட்டுப் பேச வேண்டாம். பேசி வைத்துக்கொண்டு சொல்கிறார்கள் என்ற வாதம் நீதிமன்றத்தில் எழுந்தால், இருவர் வாக்குமூலத்தின் வலுவும் குறையும். சமூக ஊடகத்தில் பெயரைப் போட்டுப் பதிவிடும் உந்துதலும் வரும். அந்தக் கோபம் நியாயமானது. ஆனாலும் அது அவதூறு வழக்குக்கு இடம் கொடுக்கும், விசாரணைக்கு முன்பே குற்றவாளியை எச்சரித்தும் விடும்.

சிங்கப்பூரில் நடந்திருந்தால்

இங்கே குற்றவியல் வழக்குக்குக் காலவரம்பு இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த குற்றத்துக்கும் இன்று புகார் கொடுக்கலாம். 2022-இல் கத்தோலிக்கத் துறவற அமைப்பொன்றைச் சேர்ந்த ஒருவர், 2000-களின் நடுப்பகுதியில் பதின்ம வயதுச் சிறுவர்கள் இருவருக்கு இழைத்த பாலியல் குற்றங்களுக்காக 5 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றதை நினைவில் வையுங்கள். எனினும், குற்றச்சாட்டு பொதுவாகச் சம்பவம் நடந்த காலத்துச் சட்டத்தின்படியே அமையும். ஆண் பிள்ளைகளுக்கு நேர்ந்தவற்றில் பலவற்றை வல்லுறவு என்ற வரையறைக்குள் கொண்டுவந்த திருத்தமும், பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டோரை ஆசிரியர், பயிற்றுநர், சமயப் போதகர் போன்றோர் சுரண்டுவதைத் தனிக் குற்றமாக்கிய திருத்தமும் 2020 ஜனவரி முதல் தேதிதான் நடப்புக்கு வந்தன. அதற்கு முந்தைய குற்றங்களுக்கு வேறு பிரிவுகள் இருந்தன. எந்தப் பிரிவு பொருந்தும் என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல, நடந்ததைச் சொல்வதே உங்கள் பங்கு.

எந்த அக்கம்பக்கக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். முகப்பில் எல்லார் முன்னிலையிலும் சொல்ல வேண்டியதில்லை. “பாலியல் குற்றம் பற்றிய புகார், தனி அறையில் பேச வேண்டும்” என்ற ஒரு வாக்கியம் போதும். துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பெண்கள் உரிமை அமைப்பான அவேரின் பாலியல் வன்கொடுமைப் பராமரிப்பு நிலையம் (6779 0282) ஆலோசனை தருவதோடு, காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உடன் வரும் துணையையும் ஏற்பாடு செய்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல வரவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். வீட்டில் ஆங்கிலம் பேசுபவர்கூட, பத்து வயதில் தமிழில் நடந்த ஒன்றைத் தமிழில்தான் சொல்ல முடியும். வாக்குமூலத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டி, திருத்தங்களைச் செய்த பிறகே கையொப்பம் வாங்க வேண்டும் என்பது சட்டம். களைப்பில் “சரி, சரி” என்று கையெழுத்திட வேண்டாம். வெளியே வருமுன் புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

புகார் கொடுக்கும் முன் ஓர் உண்மையை அறிந்திருக்க வேண்டும். இத்தகைய குற்றங்களில் புகாரை நினைத்தவுடன் மீட்டுக்கொள்ள முடியாது; வழக்குத் தொடர்வதா இல்லையா என்று முடிவெடுப்பது அரசாங்கத் தரப்பு வழக்கறிஞர்தான். ஆலோசகர் காக்கும் ரகசியத்துக்கும் எல்லை உண்டு, குறிப்பாக வேறொரு குழந்தை ஆபத்தில் இருக்கும்போது. ஆகவே முதல் சந்திப்பிலேயே, “நான் சொல்வதில் எதை நீங்கள் வெளியே தெரிவிக்க வேண்டியிருக்கும்?” என்று கேட்டுவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.

நம்மவர்களை வாயடைக்க வைப்பது பெரும்பாலும் பெயர் வெளியே வந்துவிடும் என்ற அச்சம்தான். பிள்ளையின் திருமணம், கோயிலில் நாலு பேர் பார்வை, சம்பந்தி வீட்டார் காது என்று அந்த அச்சம் நீளும். அதற்குச் சட்டம் தெளிவான பதில் வைத்திருக்கிறது. 2018-இல் திருத்தப்பட்ட குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, பாலியல் குற்றம் பற்றிப் புகார் கொடுத்தவரின் அடையாளத்தை வெளியிடுவது, புகார் பதிவான நேரத்திலிருந்தே தடை செய்யப்பட்டிருக்கிறது. தடை வேண்டுமென்று தனியே மனுச் செய்ய வேண்டியதில்லை. சாட்சியத்தை மூடிய அறையில் சொல்லவும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் முகம் தெரியாதபடி திரை வைக்கவும் வழி உண்டு. இவை உங்களுக்கு வேண்டும் என்பதை வழக்கு விசாரணைக்கு வெகு முன்னரே விசாரணை அதிகாரியிடம் சொல்லிவையுங்கள்.

குற்றம் நிரூபணமானால், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும்படி குற்றவாளிக்கு உத்தரவிடலாமா என்று நீதிமன்றம் பரிசீலித்தே ஆக வேண்டும். உத்தரவிடாவிட்டால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். இந்தப் பணம் குற்றவாளியிடமிருந்து வருவது, அரசாங்க நிதி அல்ல. எனவே அவருடைய வசதியையும் நீதிமன்றம் பார்க்கும். ஆலோசனைக்கும் மருத்துவத்துக்கும் செலவழித்த ரசீதுகள், வேலைக்குப் போக முடியாமல் இழந்த ஊதியத்தின் விவரம் ஆகியவற்றை விசாரணை அதிகாரி மூலம் முன்கூட்டியே கொடுத்தால்தான் நீதிபதியின் முன் அவை இருக்கும்.

நிறுவனத்தையே பொறுப்பாக்க வேண்டும் என்றால் உரிமையியல் வழக்குதான் வழி. ஊழியரின் பணிக்கும் குற்றத்துக்கும் எவ்வளவு நெருங்கிய தொடர்பு இருந்தது என்பதை வைத்தே, நிறுவனம் பதில் சொல்ல வேண்டுமா என்று நீதிமன்றங்கள் பார்க்கின்றன. எச்சரிக்கை வந்தும் நிறுவனம் கண்டுகொள்ளவில்லை என்பதற்குச் சான்று இருந்தால் அது தனிக் காரணமாகும். ஆனால் இங்கே காலவரம்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. கவனக்குறைவால் உடலுக்கோ மனத்துக்கோ நேர்ந்த பாதிப்புக்கான வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டுகளே அவகாசம். வயது வராத காலமும், விவரம் தெரியவந்த நாளும் அந்தக் கணக்கை மாற்றக்கூடும். இதை நீங்களே கூட்டிக் கழித்துப் பார்த்து “முடிந்துபோயிற்று” என்று தீர்மானிக்காதீர்கள், வழக்கறிஞர் கணக்கிடட்டும். வருமான வரம்புக்குள் இருப்பவர்களுக்குச் சட்ட அமைச்சின் சட்ட உதவிப் பிரிவு உரிமையியல் வழக்குகளில் துணைபுரியும்; புரோ போனோ எஸ்ஜி நடத்தும் இலவசச் சட்ட ஆலோசனை முகாம்களில் முதல் கருத்தைக் கேட்டறியலாம்.

பழைய பதிவேடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தனியார் அமைப்பு என்றால், அது வைத்திருக்கும் உங்கள் தகவல்களைக் காட்டும்படி தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் எழுத்து மூலம் கேட்கலாம். அரசாங்க அமைப்புகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் காவல்துறையிடம் போக எண்ணமிருந்தால், புகாரைக் கொடுத்த பிறகே அந்தக் கடிதத்தை அனுப்புங்கள்.

தமிழ்நாட்டில் விடுதியில் படித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கும் வழி அடைத்துவிடவில்லை. 2012 நவம்பர் 14-க்குப் பிறகு நடந்தவற்றுக்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பொருந்தும். சம்பவம் நடந்த ஊர்க் காவல் நிலையத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. இந்தியாவில் எந்தக் காவல் நிலையத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீட்டை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகக் கோரலாம். அதைப் பற்றிக் கேட்க இந்தியாவுக்குள் 15100 என்ற எண் உண்டு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இதற்கென்று இரண்டு நாள் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரேலியாவில் நடந்திருந்தால்

இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிங்கப்பூர்க் குடும்பங்கள் பல பெர்த்துக்கும் மெல்பர்னுக்கும் போய்க் குடியேறியிருக்கின்றன, போனவர்களில் பலர் திரும்பியும் வந்திருக்கிறார்கள். குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையை நிறுவனங்கள் எப்படிக் கையாண்டன என்று 2013 முதல் 2017 வரை ஓர் அரச ஆணையம் அங்கே விசாரித்தது. பாதிக்கப்பட்டவர்களோடு 8,000-க்கும் மேற்பட்ட தனிச் சந்திப்புகளை நடத்தி, 17 தொகுதிகள் கொண்ட இறுதி அறிக்கையைக் கொடுத்தது. அதன் விளைவாக 2018 ஜூலை முதல் தேதி தேசிய நிவாரணத் திட்டம் தொடங்கியது.

பதினெட்டு வயதுக்குள், 2018 ஜூலை முதல் தேதிக்கு முன், ஆஸ்திரேலிய நிறுவனமொன்றின் பொறுப்பில் இருந்தபோது பாலியல் கொடுமைக்கு ஆளானவர் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும் நேரத்தில் அவர் ஆஸ்திரேலியக் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். சிங்கப்பூரில் வசிப்பது தடையல்ல. நிரந்தரவாசத் தகுதியைக் கைவிட எண்ணியிருப்பவர்கள், அந்தக் காகிதத்தில் கையெழுத்திடும் முன் இதை யோசிக்க வேண்டும். நிறுவனம் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதைத் திட்டத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். அந்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டாலும் சில சூழ்நிலைகளில் அரசாங்கமே பொறுப்பேற்கிறது.

திட்டம் மூன்றைக் கொடுக்கிறது: பணம், ஆலோசனைச் சேவை, நிறுவனம் நேரில் அல்லது கடிதத்தில் தரும் பதில். மூன்றையும் ஏற்கலாம், வேண்டியதை மட்டும் ஏற்கலாம். பணத்தின் உச்சவரம்பு 150,000 ஆஸ்திரேலிய வெள்ளி (டாலர்). கொடுமையின் தன்மை, வாழ்க்கையில் அதன் தாக்கம், அப்போது பெற்றோரை விட்டு விடுதியில் இருந்தது போன்ற நிலை ஆகியவற்றைக் கொண்டு தொகை கணக்கிடப்படுகிறது. அதே கொடுமைக்காக நிறுவனம் முன்பே ஏதாவது கொடுத்திருந்தால், பணவீக்கத்தையும் சேர்த்து அது கழிக்கப்படும்.

நீதிமன்றத்தில் கேட்பதைப் போன்ற சான்று இங்கே தேவையில்லை. அது நடந்திருக்க நியாயமான வாய்ப்பு இருக்கிறதா என்பதே அளவுகோல். ஆயினும் ஒருவர் ஒரே ஒரு முறைதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், அரைகுறையாக அனுப்பக் கூடாது. வாழ்க்கையில் ஏற்பட்ட தாக்கத்தைக் கேட்கும் பகுதியில் நம்மவர்கள் இரண்டு வரி எழுதி நிறுத்திவிடுகிறார்கள். “நல்ல வேலையில் இருக்கிறேன், இரண்டு பிள்ளைகள், பெரிய பாதிப்பு இல்லை” என்றுதான் எங்கள் நண்பரும் முதலில் எழுதினார். அவருடைய மனைவி அதைப் படித்துவிட்டு, “ராத்திரி விளக்க அணைக்க விடமாட்டீங்களே, அத ஏன் எழுதல?” என்று கேட்ட பிறகுதான், முப்பது ஆண்டாகக் கெட்ட உறக்கமும், விடுதி என்ற சொல்லைக் கேட்டாலே வரும் வியர்வையும், மகனைப் பள்ளி முகாமுக்கு ஒருமுறைகூட அனுப்பாததும் படிவத்தில் ஏறின. உங்களோடு வாழ்பவர் ஒருவரை அந்தப் பகுதியைப் படிக்கச் சொல்லுங்கள்.

படிவத்தில் உள்ள தகவல்களில் சிலவற்றை, பதில் பெறுவதற்காக அந்த நிறுவனத்துடன் பகிர்ந்துகொள்வார்கள். எதைப் பகிர்வார்கள் என்பதை அனுப்பும் முன்பே கேட்டறியுங்கள். படிவம் நிரப்ப உதவும் ஆதரவுச் சேவைகளும், நோமோர் என்ற சட்டச் சேவையும் கட்டணம் வாங்குவதில்லை. ஆகையால், தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு விண்ணப்பம் போட்டுத் தருகிறேன் என்று வரும் தரகர்களுக்குக் கதவைத் திறக்காதீர்கள். எழுபது வயதைக் கடந்தவர்களும், குணமாகாத நோயால் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களும் 10,000 வெள்ளியை முன்பணமாகக் கேட்கலாம். முடிவு வர மாதக்கணக்கில், சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் ஆகலாம். அதுவரை ஆலோசகரைப் பார்ப்பதை நிறுத்த வேண்டாம்.

முடிவைத் தெரிவிக்கும் கடிதம் வந்தபின், ஏற்பதா மறுப்பதா என்று சொல்ல 6 மாத அவகாசம் உண்டு. ஏற்றுக் கையொப்பமிட்டால், அந்தக் கொடுமைக்காக அந்த நிறுவனத்தின் மீது உரிமையியல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்கள். குற்றவாளி மீதான காவல்துறைப் புகாருக்கு அதனால் தடை இல்லை. ஆஸ்திரேலிய மாநிலங்கள் எல்லாம் சிறுவர் பாலியல் கொடுமை வழக்குகளுக்கான காலவரம்பை நீக்கிவிட்டதால், விட்டுக்கொடுக்கும் அந்த உரிமைக்கு அங்கே உண்மையான மதிப்பு இருக்கிறது. ஆகவே கையெழுத்துக்கு முன் சட்ட ஆலோசனை கட்டாயம் என்றே நான் சொல்வேன். முடிவு தவறு என்று தோன்றினால் அதே காலத்துக்குள் மறுபரிசீலனை கேட்கலாம்.

மூன்றாவது பங்கான நிறுவனத்தின் பதிலைப் பலர் வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். யார் வந்து பேச வேண்டும், எங்கே சந்திப்பது, உங்களோடு யார் உட்கார வேண்டும், எந்தச் சொற்களைக் கேட்க விரும்புகிறீர்கள், எதைக் கேட்க விரும்பவில்லை என்று நீங்கள் சொல்லலாம். நேரில் பார்க்க மனம் ஒப்பாவிட்டால் கடிதமாகவே கேட்கலாம். எங்கள் நண்பர் கடிதமாகக் கேட்டார். அந்த விடுதியின் பெயரும், அவர் அங்கே இருந்த ஆண்டுகளும், அவருடைய முழுப் பெயரும் தந்தை பெயரோடு சரியான எழுத்துகளில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் நிபந்தனையாக வைத்தார். முதலில் வந்த கடிதத்தில் பெயர் பிழையாக இருந்ததால் திருப்பி அனுப்பி, சரியானதை வாங்கிக்கொண்டார்.